பழத்தோட்டத்தில் பாக்டீரியா உரம் பலன் தரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பாக்டீரியா உரம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எந்த பாக்டீரியா என்றில்லை. எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள், மரத்தைச் சுற்றி எந்த இடத்தில் ஊற்றினீர்கள் என்றுதான் கேட்பேன். என் தோட்டத்திலும் பழகியவர்கள் தோட்டத்திலும் இதே பிழைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து வந்திருக்கிறேன். பெரும்பாலும் பாக்டீரியா வேரைத் தொடும் முன்பே செத்துப்போயிருக்கும், இல்லையென்றால் வேரே இல்லாத இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் இன்னொரு பாக்கெட் வாங்குவது தீர்வாகாது, அதனால் காசில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு அப்புறம் செலவுக்குப் போகலாம்.

இங்கே நான் பேசுவது தழைச்சத்துக்கான அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர், மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா, சாம்பல்சத்துக்கான பொட்டாஷ் பாக்டீரியா, வேர்நோயைத் தடுக்கப் போடும் சூடோமோனாஸ், பேசில்லஸ் இவற்றைப் பற்றி. வேம் என்று விற்கப்படும் வேர்ப்பூஞ்சாணம் பாக்டீரியா இல்லை, அதன் பழக்கவழக்கம் வேறு, அதை இதில் சேர்க்கவில்லை.

## அறிகுறி 1: பாக்கெட்டையோ கேனையோ திறந்ததுமே ஏதோ சரியில்லை

முதலில் தேதி. தூள் வடிவில் வருவது பொதுவாக ஆறு மாதம் தாங்கும், திரவ வடிவம் ஒரு வருடமும் அதற்கு மேலும் தாங்கும். லேபிளில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், ஒரு கிராமில் அல்லது ஒரு மில்லியில் எத்தனை உயிருள்ள செல்கள் என்ற எண்ணிக்கை, இந்த நான்கும் இருக்க வேண்டும். நல்ல தூளில் கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும், திரவத்தில் மில்லிக்குப் பத்துக் கோடியும் அதற்கு மேலும் இருக்கும். செல் எண்ணிக்கையே போடாத பொருளை நான் தொடுவதில்லை.

தூள் காய்ந்து கட்டியாகிவிட்டதா? கையில் பிடித்தால் லேசான ஈரம் தெரிய வேண்டும். உலர்ந்து பறக்கிற மாதிரி இருந்தால் உள்ளே பெரும்பகுதி செத்திருக்கும். தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்கலாமா என்று கேட்பார்கள், முடியாது.

பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் பூசணம் படர்ந்திருக்கிறதா? வேற்றுக் கிருமி புகுந்துவிட்டது. திருப்பிக் கொடுங்கள்.

கேன் உப்பியிருக்கிறதா, திறந்ததும் அழுகல் வாடை அடிக்கிறதா? உள்ளே வேறு எதுவோ நொதித்துக்கொண்டிருக்கிறது. அடியில் கொஞ்சம் வண்டல் படிவது மட்டும் கோளாறு இல்லை, குலுக்கினால் சமமாகக் கலந்துவிட்டால் சரி.

எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் வண்டியில் வெயிலில் கிடந்தது, அல்லது தகரக் கூரைக்கு அடியில் இரண்டு மாதம் இருந்தது? வெளியில் இருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கண்ணுக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான். கொஞ்சமாக இருந்தால் நம்பாமல் குப்பைக்குழியில் கொட்டிவிடுங்கள், ஏக்கர் கணக்கில் போட வாங்கியதென்றால் பிரிக்காத ஒரு பாக்கெட்டை நுண்ணுயிர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் செல் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஆய்வகத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

ஒரு பாக்கெட்டை டிரம்மில் போட்டு வெல்லக் கரைசலில் ஊறவைத்துப் பத்துப் பாக்கெட் ஆக்கும் வேலையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரம்மில் ஏதோ ஒன்று பெருகும், அது உண்மை. பெருகியது நீங்கள் போட்டதா, தண்ணீரிலும் டிரம் சுவரிலும் இருந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. சுத்தமான வளர்ப்பு ஊடகமும் கிருமி நீக்கிய பாத்திரமும் இல்லாமல் அசோஸ்பைரில்லத்தை மட்டும் தனியாகப் பெருக்குவது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

## அறிகுறி 2: போட்டு மூன்று மாதம் ஆகிறது, எந்த மாற்றமும் இல்லை

பெரும்பாலானவர்கள் சொல்வது இதுதான், காரணங்களும் இதில்தான் அதிகம். வரிசையாக வாருங்கள், நடுவில் தாவாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க எதையாவது விட்டுவைத்தீர்களா? தோட்டம் முழுக்கப் போட்டுவிட்டு மாற்றம் இல்லை என்று சொல்வதும், மாற்றம் இருக்கிறது என்று சொல்வதும் இரண்டும் ஊகம்தான். வளர்ந்த மரத்தில் பாக்டீரியாவின் பலன் இரண்டு வாரத்தில் இலை கரும்பச்சையாகிற மாதிரி வராது. அடுத்த கொழுந்து விடும்போதும், சல்லிவேர் அடர்த்தியிலும், இன்னும் தள்ளிப்போய் காய் பிடிப்பிலும்தான் தெரியும். எனவே ஒரு வரிசையில் பாக்டீரியா இல்லாமல் தொழுஉரம் மட்டும் போட்டு விடுங்கள், அதே வயது, அதே ரகம், அதே தண்ணீர். இது செய்யாதவர்கள் இந்த முறையாவது செய்துவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

எந்த இடத்தில் போட்டீர்கள்? தூரை ஒட்டிக் கொட்டியிருந்தால் பிழை இங்கேயே கிடைத்துவிட்டது. பெரிய மரத்தின் தூரடியில் இருப்பது மரத்தைத் தாங்கும் முரட்டு வேர்கள். சத்து உறிஞ்சும் சல்லிவேர்கள், நடுப்பகலில் நிழல் விழும் வட்டத்தின் விளிம்பை ஒட்டி உள்ளும் புறமுமாக, மேல்மண்ணில் ஓர் அடி ஆழத்துக்குள் அதிகம் இருக்கும். சொட்டுநீர்த் தோட்டத்தில் கணக்கு கொஞ்சம் மாறும், ஈரம் படும் வட்டத்துக்குள்தான் சல்லிவேர் திரண்டிருக்கும், எனவே அங்கேயே போட வேண்டும். சோதனை எளிது: கைக்கொத்தால் நான்கு இடத்தில் அரை அடி பறித்துப் பாருங்கள், நூல் மாதிரி வெளிர்நிற வேர்கள் எங்கே அதிகம் தெரிகிறதோ அதுதான் உங்கள் மரத்துக்கான இடம். நாலு விரற்கடை ஆழத்துக்கு லேசாகக் கிளறிப் போட்டு மண்ணை மூடுங்கள், ஆழமாகக் கொத்தி அந்த வேர்களையே அறுத்துவிடாதீர்கள்.

என்ன தண்ணீர்? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்வதற்காகவே அதில் போட்டது, உங்கள் கிருமியை மட்டும் விட்டுவைக்காது. நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள், நிறம் மாறினால் அந்தத் தண்ணீரை வாய் அகன்ற தொட்டியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், அப்புறம் மறுபடி பட்டை. மறுநாளும் குளோரின் காட்டுகிறதென்றால் அது குளோரமைனாக இருக்கலாம், அது திறந்து வைத்தாலும் போகாது. அப்போது கிணற்று நீரோ மழைநீரோதான் பாதுகாப்பு. மருந்தடித்த டிரம்மையும் தெளிப்பானையும் அலசாமல் இதற்குப் பயன்படுத்தியிருந்தாலும் இதே கதைதான், அதனால் பாக்டீரியாவுக்கென்று நான் ஒரு வாளியைத் தனியாக வைத்திருக்கிறேன்.

எந்த நேரம், மண் எப்படி இருந்தது? வெயில் கடுமையான இடங்களில் மூடாக்கு இல்லாத வெறும் மண்ணின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இந்த பாக்டீரியாக்களுக்கு வசதியானது 25 முதல் 35 வரை. காய்ந்த மண்ணில் மதியம் தூவிவிட்டு இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் யாருக்கும் உதவியிருக்காது. முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் மாலை போட்டு, மேலே மூடாக்கு பரப்பி, அடுத்த பத்து நாளும் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் போதும், சேறு வேண்டாம். அசட்டோபாக்டருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேலை செய்யாது.

அதற்கு முன்னும் பின்னும் என்ன போட்டீர்கள்? நாட்குறிப்பை எடுங்கள். போர்டோ கலவை, காப்பர் ஆக்ஸிகுளோரைடு போன்ற செம்பு மருந்தைத் தூரில் ஊற்றியது, ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற பாக்டீரியா கொல்லியைத் தெளித்தது, குழாய் சுத்தம் செய்யக் குளோரின் விட்டது, யூரியா, டிஏபி போன்ற உப்பு உரத்தை அதே குழியில் கொட்டியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒரே தொட்டியில் கலந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த முறை போட்டது வீண். ரசாயன உரத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவில் நான் இரண்டு வாரம் விடுகிறேன், செம்பு மருந்து மண்ணில் பட்டிருந்தால் அதைவிடத் தாராளமாக. செம்பு மட்கிப் போகிற பொருள் இல்லை, வருடக்கணக்காக ஊற்றிய தோட்டத்தில் மண்ணிலேயே சேர்ந்திருக்கும்.

மண்ணில் சாப்பாடு இருக்கிறதா? தூளை நேரடியாக வெறும் மண்ணில் போட்டால் ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு போட்டிபோட்டு இது நிற்பது கடினம். ஒரு கிலோ தூளுக்கு 25 முதல் 50 கிலோ வரை நன்றாக மட்கிய தொழுஉரம் சேர்த்து, பிடித்தால் உருண்டையாகி தட்டினால் உதிர்கிற ஈரத்தில், நிழலில் ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் பத்து நாள் வைத்துவிட்டுப் போடுங்கள். குவியலுக்குள் கை விட்டால் சுடக் கூடாது. சுட்டால் எரு இன்னும் மட்கி முடியவில்லை என்று அர்த்தம், அதில் பாக்டீரியாவைச் சேர்த்திருந்தால் வெந்துபோயிருக்கும்.

இதெல்லாம் சரி என்றால் மண் பரிசோதனை. கார அமில நிலை, உப்பு அளவு, அங்கக கார்பன் இந்த மூன்றையும் கேளுங்கள். கார அமில நிலை 6-க்கும் 7.5-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 6-க்குக் கீழே போனால் அசட்டோபாக்டர் திணறும், அந்த மண்ணை முதலில் சுண்ணாம்பு இட்டுத் திருத்த வேண்டும், எவ்வளவு என்பதை ஆய்வகம் சொல்லட்டும். 8.5-க்கு மேல் போனால் சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் திருத்தாமல் எந்த பாக்டீரியாவைப் போட்டும் பயனில்லை. அங்கக கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வருடம் எரு, மூடாக்கு, பசுந்தாள் என்று மண்ணைத் தேற்றுங்கள், பாக்டீரியாவை அதோடு கூடவே போடலாம், அதற்குப் பதிலாகப் போட முடியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: களர், உவர் என்று அறிக்கை வந்தால் மண் திருத்தத்தை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வடிகால், ஜிப்சம் அளவு, பாசன நீரின் தரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த மண்ணியல் ஆள் தேவை.

## அறிகுறி 3: பாக்டீரியா போட்ட பிறகும் இலை மஞ்சள், அல்லது போட்ட பிறகுதான் மஞ்சள்

எந்த இலை என்று பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

பழைய இலை முழுக்கச் சீராக வெளிறுகிறது, புது இலை பரவாயில்லை. தழைச்சத்துப் பற்றாக்குறை. பாக்டீரியா போடுகிறோமே என்று யூரியாவை ஒரேயடியாக நிறுத்தினீர்களா? பல தோட்டங்களில் நான் பார்த்த பெரிய தவறு இது. அசோஸ்பைரில்லமும் அசட்டோபாக்டரும் காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்து, காய்த்துக் குலுங்கும் ஒரு மரத்தின் தேவை முழுவதையும் நிரப்பாது. முதல் வருடம் ரசாயன உரத்தில் கால் பங்கு குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம், இலைப் பரிசோதனை பார்த்துவிட்டு அடுத்த குறைப்பைப் பற்றி யோசிக்கலாம். மறுபக்கமும் உண்டு: யூரியாவை முழு அளவில் போட்டுக்கொண்டே இருந்தால் இந்த பாக்டீரியாக்கள் தழைச்சத்து பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும், மண்ணில் தாராளமாகக் கிடைக்கும்போது அவை உழைப்பதில்லை.

யூரியாவைக் குறைக்கவே இல்லை, ஆனாலும் பழைய இலை மஞ்சள் என்றால், அண்மையில் மரத்தூள், பச்சைச் சக்கை, காய்ந்த சருகு ஏதாவது மண்ணுக்குள் *புதைத்தீர்களா* என்று யோசியுங்கள். அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. புதைத்தாகிவிட்டதென்றால் தழைச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக் காத்திருங்கள்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச்சத்துக் குறை. மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்துக் காடி (வினிகர்) விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் இரும்பும் மணிச்சத்தும் பூட்டிக் கிடக்கும், பாஸ்போபாக்டீரியா சுரக்கும் அமிலத்தையும் சுண்ணாம்பு செயலிழக்கச் செய்துவிடும், அதனால் அங்கே அதன் பலன் குறைவாகத்தான் இருக்கும். ஈர மிகுதியாலும் இதே மஞ்சள் வரும், எனவே செலேட் இரும்பு வாங்குவதற்கு முன் தண்ணீரைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள்.

புது இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக மஞ்சள். துத்தநாகம். எலுமிச்சைக் குடும்பத்தில் அடிக்கடி வரும். துத்தநாகத்தைக் கரைக்கும் பாக்டீரியா என்று விற்பதை நம்பி ஒரு பருவம் காத்திருப்பதைவிட இலைவழித் தெளிப்பு வேகமானது.

பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணம் மிஞ்சி மற்றதெல்லாம் மஞ்சள். மக்னீசியம். பாக்டீரியாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கிளையில் மட்டும், அல்லது ஓர் இலையின் இரண்டு பாதியும் பொருந்தாத திட்டுகளாக மஞ்சள். நிறுத்துங்கள், உரத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி மரங்களில் இது பசுமை நோயாக இருக்கலாம், சிறு பூச்சி பரப்பும் நோய், பக்கத்து மரங்களுக்கும் போகும். உடனே தாவர நோயியல் ஆளுக்கு இலையோடு கிளையைக் காட்டுங்கள்.

## அறிகுறி 4: வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது, பாக்டீரியா பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தீர்கள்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கொய்யா வேரைத் தோண்டி, முடிச்சுகளைக் காட்டி, பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது பாருங்கள் என்று ஒருவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அது வேர்முடிச்சு நூற்புழு. அடுத்த வருடம் அந்த மரங்கள் வாட ஆரம்பித்தன.

வேரில் முடிச்சு போடும் ரைசோபியம் பயறு வகைச் செடிகளில்தான் குடியேறும். மா, கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சப்போட்டா எதிலும் அது முடிச்சு போடாது. அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் எந்தச் செடியிலும் முடிச்சு போடுவதில்லை. எனவே பழமரத்து வேரில் முடிச்சு தெரிந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அது உண்மையில் எந்தச் செடியின் வேர்? ஊடுபயிராகத் தட்டைப்பயறோ சணப்போ போட்டிருந்தால் அதன் வேர் கலந்து வந்திருக்கலாம். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டவைத்த மணி மாதிரி இருக்கும், விரலால் தேய்த்தால் கழன்று வரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு அப்படிக் கழலாது, வேரே வீங்கியிருக்கும், தேய்த்தால் தோல்தான் உரியும்.

நூற்புழுதான் என்றால்: அந்த மரத்தடியில் பயன்படுத்திய மண்வெட்டியை அலசாமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நாற்று வாங்கிய இடத்தின் பையையும் பிரித்து வேரைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும். எருவும் வேப்பம் பிண்ணாக்கும் மரத்தைத் தாங்கிப் பிடிக்க உதவும், குணமாக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மரம் ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தால் வேரையும் வேரோடு ஒட்டிய மண்ணையும் ஈரம் காயாமல் பையில் கட்டி நூற்புழு ஆய்வுக்கு அனுப்புங்கள். தாமதிக்க வேண்டாம், கொய்யாவில் வேர் அழுகல் பூஞ்சாணமும் இதனோடு சேர்ந்தால் மரத்தைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

## அறிகுறி 5: பக்கத்து மரம் தேறியது, இது தேறவில்லை

ஒரே கலவை, ஒரே நாள் என்றால் குறை பாக்டீரியாவில் இல்லை, அந்த மரத்தடியில் இருக்கிறது. சொட்டுவானுக்கு அடியில் ஒரு டம்ளர் வைத்து பத்து நிமிடம் தண்ணீர் பிடித்து இரண்டு மரத்தையும் ஒப்பிடுங்கள். அளவு சமமா? அப்படியென்றால் மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு சிறு குழி, அதில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலை பாருங்கள். தேங்கி நின்றால் அடியில் இறுகிய மண், வேர் மூச்சுவிட வழியில்லை. அதுவும் சரியென்றால் தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா, பட்டை கறுத்து அழுகியிருக்கிறதா, கரையான் மண்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை அழுகல் தூரின் சுற்றளவில் பாதியைத் தாண்டியிருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், கூப்பிடும்போதே மரத்தை எடுக்க வேண்டிவரலாம் என்பதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

## அறிகுறி 6: சொட்டுநீரில் விட்டதிலிருந்து அடைப்பு

தூளைக் கரைத்து வடிகட்டி விட்டீர்களா? துணியில் வடிகட்டினாலும் தூளில் கலந்திருக்கும் நிலக்கரித் துகள் போய்ச்சேரும். சொட்டுநீருக்குத் திரவ வடிவம் மட்டும்தான். ஏற்கெனவே விட்டாகிவிட்டதென்றால் ஒவ்வொரு பக்கக் குழாயின் கடைசி மூடியையும் கழற்றித் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள், 120 மெஷ் வடிகட்டியைப் பிரித்துக் கழுவுங்கள்.

சொட்டுவானைப் பிரித்தால் வழுவழுப்பாக இருக்கிறதா? திரவத்தோடு வெல்லமோ மீன் கரைசலோ கலந்து விட்டீர்கள், குழாய்க்குள்ளேயே பாசிபோலப் படிந்துவிட்டது. அடுத்த முறை முதலில் வெறும் தண்ணீர், நடுவில் பாக்டீரியா, கடைசியில் குழாய் கழுவும் அளவுக்கு மறுபடி வெறும் தண்ணீர் என்ற வரிசையில் விடுங்கள். மண்ணில் அந்தத் தண்ணீர் வேர் மட்டத்தைத் தாண்டி ஆழத்துக்கு இறங்கிவிடவும் கூடாது. இப்போதுள்ள வழுவழுப்புக்குக் குளோரின் கழுவல் தேவைப்படலாம், அதன் பிறகு நன்றாகத் தண்ணீர் ஓடவிட்டு, சோதனைப் பட்டையில் குளோரின் காட்டுகிற வரை பாக்டீரியா விடக் கூடாது.

வெள்ளையாகக் கெட்டியான படிவா? காடி ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, பாக்டீரியா மேல் பழி போட வேண்டாம். செங்காவி நிறத்தில் கொழகொழப்பா? தண்ணீரில் இரும்பு அதிகம், நீங்கள் போட்ட பாக்டீரியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, நீர்ப் பரிசோதனை தேவை.

அமிலக் கழுவலை அனுபவம் உள்ள ஆள் இல்லாமல் செய்யாதீர்கள். அமிலமும் குளோரினும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே நேரத்தில் ஒரே குழாயில் சேரக் கூடாது, சேர்ந்தால் வெளிவரும் வாயு ஆளைக் கொல்லும்.

## அறிகுறி 7: தழைத்துத் தள்ளுகிறது, பூ இல்லை

மரம் செழிப்பாக இருப்பதால் இதைக் கோளாறாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மா மரமும் எலுமிச்சை வகைகளும் பூக்கும் முன் கொஞ்சம் ஓய்வு கேட்கும், குளிரோ வறட்சியோ கொடுக்கும் ஓய்வு. அந்த நேரத்தில் எருவோடு பாக்டீரியாவும் போட்டு, ஈரம் காயக் கூடாதே என்று பத்து நாள் தண்ணீரும் விட்டால் பூ வர வேண்டிய நுனியில் கொழுந்து வரும். அறுவடை முடிந்து கவாத்து செய்த பிறகு போடுவதுதான் சரியான நேரம், பூக்கும் பருவத்துக்கு முந்தைய இரண்டு மாதம் மண்ணைத் தொடாதீர்கள். கொய்யா புதுத் தளிரில் பூப்பது, அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நேரம் சரி, ஆனாலும் பூ இல்லை என்றால் யூரியாவைக் கணக்கெடுங்கள், அப்புறம் மரத்துக்குள் வெயில் விழுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

## அறிகுறி 8: போட்ட சில நாளில் இலை விளிம்பு கருகுகிறது, தூரில் பிசின், மண்ணில் வெள்ளைப் புழு

பாக்டீரியா மரத்தைக் கருக்காது. கூட வந்த எரு செய்யும். மட்காத சாணமும் கோழி எச்சமும் சூட்டோடும் அம்மோனியாவோடும் வரும், கிளறினால் மூக்கில் ஏறும் நெடியே அடையாளம். உடனே அந்த எருவை வேர்ப்பகுதியிலிருந்து அள்ளி எடுத்துவிட்டு ஒரு முறை தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். கொழுகொழுவென்று ஆங்கில சி எழுத்துபோல வளைந்த புழு தெரிந்தால் வண்டுப் புழு, அதுவும் எருவோடு வந்ததுதான், கையால் பொறுக்கி எடுங்கள். எருக்குழியிலும் சல்லடை போட்டுப் பாருங்கள், மிச்சம் அங்கே இருக்கும்.

தூரில் பிசின் வடிவது வேறு விஷயம். ஈர எரு பட்டையை ஒட்டிக் கிடந்தால் எலுமிச்சைக் குடும்பத்தில் பைட்டாப்தோரா என்ற அழுகல் நோய்க் கிருமி புகுந்துகொள்ளும். தூரிலிருந்து ஓர் அடி தள்ளி எல்லாவற்றையும் விலக்கி, பட்டை காயும்படி விடுங்கள். இரண்டு வாரத்தில் பிசின் நிற்காவிட்டாலோ, நுனிக்கிளைகள் காயத் தொடங்கினாலோ நோயியல் ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் செம்பு மருந்து பூசச் சொன்னால் தயங்காமல் பூசுங்கள், அந்த மரத்துக்கு அந்தப் பருவம் பாக்டீரியா வேண்டாம்.

## ஆளைக் கூப்பிடும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும். பாதித்த மரத்தடியிலிருந்தும் நன்றாக உள்ள மரத்தடியிலிருந்தும் தனித்தனியாக மண், ஒவ்வொன்றும் நான்கைந்து இடத்தில் ஓர் அடி ஆழம் வரை எடுத்துக் கலந்து அரைக் கிலோ. எரு போட்ட புது மேல்மண்ணை விலக்கிவிட்டு எடுங்கள். இரண்டு மரத்தின் இலையும் தனித்தனிக் காகிதப் பையில், பிளாஸ்டிக்கில் போட்டால் வியர்த்து அழுகும். சல்லிவேர் ஒரு கைப்பிடி, இதை மட்டும் ஈரமண்ணோடு பிளாஸ்டிக் பையில். பாசன நீர் அரை லிட்டர். பாக்டீரியா பாக்கெட்டின் உறை, தொகுதி எண் தெரியும்படி. கடைசி ஆறு மாதம் அந்த மரத்துக்கு என்னென்ன, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்ற பட்டியல், அதில் மருந்தும் சேர்த்து. தேதி எழுதி வைக்கவில்லையென்றால் வாங்கிய ரசீதுகளை எடுத்துப் போங்கள், அதைவைத்து ஓரளவு பிடித்துவிடுவார்கள்.